குமிழித் தூணின் ஆறாவது வரி

அக்டோபர் 5, சனி

காலையில் இணையவழிக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். தமிழ்த்தாய் வாழ்த்து ஓடவில்லை. திரும்பப் போட்டார்கள், அப்போதும் ஓடவில்லை. வரவேற்புரை ஆற்றியவர் மைக்கைத் திறக்காமலே பாதியை ஆற்றி முடித்தார். என் முறை வந்தபோது நேரமில்லை என்று ஐந்து நிமிடத்தைக் குறைத்தார்கள். குறைத்தால் என்ன, பேசவேண்டியதைப் பேசிவிட்டேன்.

எதைப் பேசினேன் என்பதை இங்கே எழுதிவைப்பது நல்லது. நாளைக்கு யாராவது உரிமை கொண்டாடினால் இந்த டைரியாவது சாட்சிக்கு இருக்கட்டும். ஆகஸ்ட் மாதம் வெண்ணாவல் கண்மாய் வறண்டு கிடந்தது. நானும் எங்கள் துறைக் கௌரவ விரிவுரையாளர் ஜெசிந்தாவும் உள்ளே இறங்கி நடந்தோம். கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. குமிழி என்பார்கள். அந்தக் காலத்தில் ஓர் ஆள் அந்த இடத்தில் முழுகி, அடியில் இருக்கும் அடைப்பைத் தூக்கினால் வயலுக்குத் தண்ணீர் போகும். வடக்குத் தூணில் ஐந்து வரி எழுத்து இருந்தது. பாண்டியர் காலம், பதின்மூன்றாம் நூற்றாண்டு. இக்குமிழி இடுவித்தாள் இவ்வூர் ஆவுடையான் மகள் உய்யவந்தாள் என்று இருக்கிறது. அரசன் இல்லை, அதிகாரி இல்லை. ஊர்ப் பெண் ஒருத்தி தன் பெயரில் வைத்த குமிழி. எந்த அறிக்கையிலும் இந்தக் கல்வெட்டு கிடையாது. இத்தனை வருட வேலையில் நானாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

மைப்படி எடுத்தது ஜெசிந்தா. தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி, மேலே மை ஒற்றவேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. குமிழியின் அமைப்பையும் அவள்தான் வரைந்து கொடுத்தாள். அதுதான் எட்டாவது ஸ்லைடு. அவள் பெயரைப் போட நினைத்தேன், ஸ்லைடில் இடமில்லை.

கேட்டவர்கள் எல்லாரும் கேமராவை மூடிய கறுப்புப் பெட்டிகள். அதில் ஒரு பெட்டியின் பெயர் ‘தர்ஷன் 7 பி’. ஏழாம் வகுப்புப் பையனுக்குப் பாண்டியர் காலக் குமிழியில் என்ன வேலை? நான் தொடங்கும்போது வந்தது. முடித்ததும் போய்விட்டது.

அக்டோபர் 19, சனி

இந்த வாரம் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் கருத்தரங்கு. புதுக்கோட்டையில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி கோயம்புத்தூரில் பேசினேன். பின்னால் தெரிந்த சுவரில் காலண்டரை மட்டும் கழற்றிவைத்தேன்.

மறுபடியும் தர்ஷன் 7 பி. ஊர் வேறு, கல்லூரி வேறு, அமைப்பாளர் வேறு. எனக்கு முன்னால் நடுகல் பற்றிப் பேசியவருக்கு வரவில்லை, எனக்குப் பின்னால் பேசியவருக்கும் இருக்கவில்லை. என் உரைக்கு மட்டும் வந்து, முடிந்ததும் எழுந்து போகிற பையன்.

கதிரேசனிடம் சொன்னேன். கதிரேசன் என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். யாராவது உன் பேச்சைக் கேட்க வந்தால்கூட உனக்குப் பொறுக்காதா என்று கேட்டுவிட்டு மீட்டர் கணக்கைப் பார்க்கப் போய்விட்டார். கேட்க வருகிறவன் முகத்தைக் காட்டிக் கேட்பான். படம் பிடிக்க வருகிறவன்தான் முகத்தை மறைப்பான்.

அக்டோபர் 23

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை.

நவம்பர் 9, சனி

பிடித்துவிட்டேன்.

இன்று மூன்றாவது கருத்தரங்கு. உய்யவந்தாள் என்ற பெயரை விளக்கிக்கொண்டிருக்கும்போது தர்ஷன் 7 பியின் மைக் தவறிப்போய்த் திறந்துகொண்டது. முதலில் குக்கர் விசில். அப்புறம் ஏதோ சீரியல் அழுகை. அதற்கும் மேலே ஒரு கிழட்டுக் குரல்.

“டிவியக் கொஞ்சம் கொறைம்மா. கேக்க விட மாட்டேங்கிறியே.”

அமைப்பாளர் உடனே மைக்கை மூடினார். ஆனால் எனக்கு அந்தக் குரல் தெரியும். எத்தனை வருடமானாலும் தெரியும். மதுரைப் பேராசிரியர் மாசிலாமணி. ஓய்வு பெற்றுவிட்டார். பாசனம் பற்றி யார் எழுதினாலும் அவர் புத்தகத்தை அடிக்குறிப்பில் போடாமல் தப்பிக்க முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கருத்தரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்ததும், அந்தக் கல் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பேர் முன்னால் நின்று விழித்தேன். அடுத்த வருடம் அவர் புத்தகம் வந்தது. அதில் நான் அன்றைக்குச் சொன்ன ஊரின் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. இப்போது பேரன் பெயரிலோ பக்கத்து வீட்டுப் பிள்ளை பெயரிலோ மறைந்து உட்கார்ந்து என் குமிழியை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 10, ஞாயிறு

கதிரேசன் மாசிலாமணி பக்கம் பேசுகிறார். நீ அன்றைக்குப் பேசிய அந்த ஊர் பழைய அரசாங்க அறிக்கையிலேயே இருக்கிறது என்று நீதானே ஒருநாள் சொன்னாய், அவரும் அதைப் பார்த்து எழுதியிருக்கலாமே என்கிறார். நான் எப்போது சொன்னேன் என்று ஞாபகமில்லை. சொல்லியிருந்தாலும் அது வேறு, இது வேறு.

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசைதான்.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்றைய கருத்தரங்கில் தர்ஷன் 7 பி எனக்கு மட்டும் தனியாகச் சாட்டில் எழுதியது. ‘அம்மா, தூணின் கீழ்ப்பகுதிப் படம் இருந்தால் அனுப்ப இயலுமா. மேலே மட்டும் பார்த்தேன்.’ பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை, கேள்விக்குறிகூடப் போடவில்லை. நான் பதில் போடவில்லை.

மேலே இருப்பதை எடுத்தாயிற்று, இப்போது கீழேயும் வேண்டுமாம். கீழே ஒன்றும் இல்லை, வெறும் கல். அது எனக்கும் ஜெசிந்தாவுக்கும் மட்டும்தான் தெரியும். கண்மாய் நிறைந்து, தூணின் தலை மட்டும் வெளியே தெரிகிறது என்று லைன் பார்க்கப் போன கதிரேசன் சொன்னார். சித்திரை கழியும்வரை யாரும் அந்தக் கல்லைப் பார்க்க முடியாது.

அதை நினைத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். நல்ல யோசனை ஒன்று வந்தது.

டிசம்பர் 7, சனி

பொறி வைத்தாயிற்று.

சேலத்துக் கருத்தரங்கில், கீழ்ப்பகுதியில் சேற்றுக்கு அடியில் ஆறாவது வரி ஒன்று இருந்தது, இப்போதுதான் படிக்க முடிந்தது என்று சொன்னேன். சேறு அப்பிய ஒரு மங்கல் படத்தைப் போட்டேன். வரியைத் திரையில் எழுதிக் காட்டினேன்: ‘குமிழி திறக்க முழுகிப் பட்ட மகன் சேந்தனைச் சாத்தி.’ அதாவது, அடைப்பைத் தூக்க முழுகிச் செத்துப்போன மகன் சேந்தனின் நினைவாக. நானே எழுதியது. எழுதும்போது எனக்கே நடை பிடித்துவிட்டது. சாத்தி என்ற சொல்லை இதைவிடப் பொருத்தமாக அந்தக் காலத்து ஆளே போட்டிருக்க முடியாது.

திட்டம் எளிது. மாசிலாமணி இந்த வரியை எடுத்து எங்காவது எழுதுவார். எழுதியதும் தூணின் முழுப் படத்தையும் எல்லாருக்கும் அனுப்புவேன். கல்லில் இல்லாத வரி உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது, என் ஸ்லைடிலிருந்துதானே என்று கேட்பேன். ஆயுளுக்கும் தலை நிமிர முடியாது.

கதிரேசனிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“ஒனக்கு எங்கேருந்து கெடச்சுச்சுன்னு அவரு திருப்பிக் கேட்டா?”

அதற்குள் மானம் போயிருக்கும் என்றேன்.

“யாருக்கு?” என்றார்.

மோர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வரியைப் படித்ததும் கேமராவைத் திறந்து வைத்திருந்த ஓர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கேள்வி நேரம் முழுவதும் சேந்தன், சேந்தன் என்றே கேட்டார்கள். உய்யவந்தாளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் 9, திங்கள்

துறையில் ஜெசிந்தா என் மேசைக்கு வந்து நின்றாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மாதத்தில் பதினோரு மாதச் சம்பளம் மட்டும் வாங்குகிறவள். சும்மா வந்து நிற்கமாட்டாள். நாம் படியெடுக்கும்போது கீழே எழுத்து இருந்ததாகத் தெரியவில்லையே என்று மெதுவாகக் கேட்டாள். அப்புறம் நான் மட்டும் தனியாகப் போய்ச் சேற்றைக் கழுவிப் பார்த்தேன் என்று சொன்னேன். “அப்படியா மேடம்” என்றாள். போகத் திரும்பியவள், என்னையும் கூப்பிட்டிருக்கலாமே மேடம், அதையும் படியெடுத்துக் கொடுத்திருப்பேனே என்றாள்.

பாவம், வருத்தப்பட்டுவிட்டாள் போலிருக்கிறது. விஷயம் முடிந்ததும் அவளிடம் சொல்லிக்கொள்ளலாம். இப்போது எத்தனை பேருக்குத் தெரிகிறதோ அத்தனைக்கு ஆபத்து.

ஜனவரி 4, சனி

சேலத்துக்காரர்கள் கட்டுரைகளைத் தொகுத்து மின்நூலாகப் போடுகிறார்கள். ஆறாவது வரியை எடுத்துவிட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். பொறியை எடுத்துவிட்டால் எலி எதில் விழும்? அப்படியே அனுப்பினேன்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

கதிரேசனின் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் மகள் அந்தச் சேந்தன் கதையை வாட்ஸ்அப்பில் படித்தாளாம். யாரோ பின்னணி இசை போட்டுப் படமாக்கியிருக்கிறார்கள். “அத்தை, அது நெஜமா நடந்துச்சா?” என்று கேட்டாள். கல்வெட்டு என்றால் எல்லாவற்றையும் சொல்லாது என்று பதில் சொன்னேன். கதிரேசன் கரும்பு கடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

பிப்ரவரி 22, சனி

இன்னும் திருடவில்லை.

வருகிற இதழ்களை எல்லாம் புரட்டிப் பார்க்கிறேன். மாசிலாமணி பெயரில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் எங்கே பேசினாலும் தர்ஷன் 7 பி மட்டும் தவறாமல் வருகிறது. எதற்காகக் காத்திருக்கிறார்? நல்ல திருடன் அவசரப்படமாட்டான்.

மார்ச் 29, சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. வெண்ணாவல் பக்கம் போன கதிரேசன், தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது, தூண் பாதி தெரிகிறது என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் சொன்னார். என்ன செய்யப்போகிறாய் என்று முகத்தைப் பார்த்தார். துவரம் பருப்பு தீர்ந்துவிட்டது, வாங்கி வரச் சொன்னேன்.

கோடை மழை பெய்தால் நல்லது. ஊருக்கு நல்லது என்று சொல்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

விழுந்துவிட்டார்!

மே 17 அன்று மாநில அளவிலான இணையவழிக் கருத்தரங்கு. அழைப்பிதழ் வந்தது. தலைமையுரை பேராசிரியர் மாசிலாமணி. தலைப்பு: ‘சேந்தனின் தாய்: பாண்டியர் காலக் குமிழிகளும் முழுகியவர்களும்.’ வாய்விட்டுச் சிரித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதையும் பார்க்கவில்லை.

தூணின் முழுப் படத்தைத் தேடி எடுத்துத் தனிக் கோப்பில் வைத்தேன். அவர் பேசி முடித்ததும் கை தூக்குவேன். என்ன கேட்கவேண்டும் என்பதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். “கல் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது ஐயா?” என்று தொடங்கலாம்.

மே 17, சனி

எழுதத்தான் வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஜெசிந்தா கேமராவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள், பின்னால் கொடியில் பிள்ளைகளின் சீருடை. மாசிலாமணி திரையில் வந்தார். பெயர் இன்னும் தர்ஷன் 7 பி என்றுதான் இருந்தது. தொகுப்பாளர் அதை மாற்றச் சொன்னார். அதெல்லாம் எனக்குத் தெரியாது, பேரன் பள்ளிக்கூடத்து வகுப்புக்குப் போட்டு வைத்தது, அவன் வந்தால்தான் மாற்றமுடியும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரொம்ப இளைத்திருந்தார். காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து நீட்டியிருந்தார்.

நான் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவருடைய முதல் வாக்கியமே இதுதான்:

“இன்னைக்கு நான் பேசப்போறது எதுவும் என் கண்டுபிடிப்பு இல்லைங்க. புதுக்கோட்டைத் தையல்நாயகி அம்மா கண்டுபிடிச்சதுக்கு நான் உரை சொல்றேன், அவ்வளவுதான்.”

என் பெயரை அதற்குப் பிறகு எத்தனை தடவை சொன்னார் என்று தெரியாது. முட்டி போனபிறகு களத்துக்குப் போகவில்லையாம். மருமகளிடம் கெஞ்சி, பேரன் போனில், நான் பேசுகிற இடம் ஒவ்வொன்றையும் தேடித் தேடிக் கேட்டாராம். “கண்மாய்க்குள்ள எறங்குற காலு எனக்கு இனி இல்ல. இந்தம்மா பேசுறப்ப எறங்கி நடந்துட்டு வந்த மாதிரி இருக்கும்” என்றார். கீழ்ப்பகுதிப் படம் கேட்டதையும் சொன்னார், அவர்களுக்கு வேலை அதிகம், பதில் வரவில்லை என்றும் சொன்னார். பிறகு ஆறாவது வரியைப் படித்தார். படித்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை படித்தார். தண்ணீர் திறந்துவிட முழுகியவர்களைப் பற்றி நாற்பது வருடமாகத் தேடினாராம். அடைப்பைத் தூக்கிய ஓர் ஆளின் பெயர்கூட எந்தக் கல்லிலும் கிடைக்கவில்லையாம். இப்போதுதான் ஒருவன் பெயரோடு கிடைத்தானாம், சேந்தன் என்று. தன் பாசனப் புத்தகத்தின் புதிய பதிப்பில் கடைசி அத்தியாயத்தையே இதற்காக மாற்றி எழுதி அச்சுக்குக் கொடுத்திருக்கிறாராம்.

படத்தை மூடினேன். அவர் பேசி முடித்ததும் கேள்வி நேரம். கைதூக்கும் பொத்தான் அங்கேதான் இருந்தது. நான் தொடவில்லை. நாளைக்குப் போன் செய்து தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது திருச்சியிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் பேசினார். போன வாரம் வெண்ணாவலுக்குப் போயிருந்தேன், கண்மாய் வறண்டுவிட்டது, தூணில் ஐந்து வரிதான் இருக்கிறது, அதற்குக் கீழே தேய்ந்த தடம்கூட இல்லை, உளி போட்ட வெறும் பரப்பு என்றார். ஐயா கல்லைப் பார்க்காமலே பேசுகிறார் என்றும் சொன்னார். அதை அந்தப் பையன் சொன்ன விதம் எனக்குத் தெரிந்த விதம்தான். கண்ணாடி முன்னால் நின்று நான் சொல்லிப் பார்த்த அதே விதம்.

மாசிலாமணி கோபப்படவில்லை. “தம்பி, நான் பாக்கல, நெசந்தான். அந்தம்மா பாத்துருக்காங்க. எனக்கு அது போதும்” என்றார்.

இருந்தாலும் சாட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று ஒருவர். உணர்ச்சி வரலாறு ஆகாது என்று இன்னொருவர். அடித்தது எல்லாம் அவரைத்தான். அவ்வளவு நாளும் நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது.

ஜெசிந்தா கை தூக்கினாள். அவள் எந்தக் கருத்தரங்கிலும் வாய் திறந்ததில்லை.

“ஐயா சொல்றது சரிதான். மொதல்ல படியெடுத்தது நான். அப்ப அஞ்சு வரிதான் இருந்துச்சு. ஆனா மேடம் அப்புறம் தனியாப் போயி, சேத்தக் கழுவி...”

அதற்கு மேல் அவளைப் பேசவிட முடியவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பி, இருநூறு பேர் முன்னால் எனக்காகத் தன் பெயரைப் பணயம் வைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு மாதச் சம்பளக்காரிக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தப் பெயர். நான் மைக்கைத் திறந்தேன்.

“ஆறாவது வரி கல்லுல இல்ல. நான் எழுதினது.”

யாருக்கோ சரியாகக் கேட்கவில்லை என்று திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பச் சொன்னேன்.

மாசிலாமணி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். என்னைத் தேடியிருப்பார் போலிருக்கிறது.

“எதுக்கும்மா?”

“உங்களைப் பிடிக்கத்தான் சார்.”

அவருக்குப் புரியவில்லை. தர்ஷன் 7 பி என்று வந்து நீங்கள் என் ஆய்வைத் திருடுகிறீர்கள் என்று நினைத்தேன் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மியூட்டில் இருக்கிற இருநூறு பேரின் மௌனம் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வீட்டில் மட்டும் எங்கேயோ டிவி ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு, கோபமே இல்லாமல், ஒரே ஒரு சந்தேகம் கேட்பவர் மாதிரிக் கேட்டார்.

“அப்ப, மத்த அஞ்சு வரி?”

“இருக்கு சார்” என்றேன். “சத்தியமா இருக்கு.”

அந்தத் திருச்சிப் பையன் ஐந்து வரியையும் தன் கண்ணால் பார்த்தவன்தானே, அவனாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உய்யவந்தாள் எழுநூறு வருடம் தண்ணீருக்குள் நின்றாள், ஒன்றும் ஆகவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன், அவள் பெயரும் சந்தேகத்துக்கு வந்துவிட்டது.

தொகுப்பாளர் அவசரமாக நன்றியுரைக்குப் போய்விட்டார். நன்றியுரை முன்பே எழுதிவைத்தது. அதில் என் பெயர் இருந்தது.

மே 18, ஞாயிறு

சமைக்கவில்லை. கதிரேசன் ஓட்டலில் வாங்கி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மே 26, திங்கள்

மாசிலாமணிக்குப் போன் செய்தேன். மருமகள் எடுத்தாள். மாமா அச்சகத்துக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார், அடித்துவைத்த கடைசி அத்தியாயத்தை எடுக்கச் சொல்கிறார் என்றாள். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

சேலத்து மின்நூலிலிருந்து என் கட்டுரையை நீக்கிவிட்டதாகத் தகவல் வந்தது. வாட்ஸ்அப்பில் சேந்தன் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறான். அவனை நிறுத்த என்னால் முடியவில்லை.

ஜூன் 18, புதன்

கல்லூரி திறந்ததிலிருந்து துறையில் எல்லாரும் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள்.

ஜெசிந்தா வந்தாள். கோபத்தில் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மறுபடி கண்மாய்க்குப் போய், வெண்ணாவல் ஊர்க்காரர்கள் நாலு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு புதிதாக மைப்படி எடுத்திருக்கிறாள். ஐந்து வரி மட்டும் வைத்துத் தானே பேசப்போகிறாளாம்.

“உய்யவந்தாளையாவது காப்பாத்தணும்ல மேடம்” என்றாள்.

குமிழிப் படம் வேண்டுமா என்று கேட்டேன். அது நான் வரைந்ததுதானே மேடம், என்கிட்டயே இருக்கு என்றாள்.

ஜூலை 12, சனி

ஜெசிந்தா இன்று பேசினாள். என் பெயரில் போனால் தேவையில்லாத பேச்சு வரும் என்று கதிரேசனின் போனை வாங்கி, கேமராவையும் மைக்கையும் மூடிக்கொண்டு நுழைந்தேன். ‘கதிரேசன் ஏஇ’ என்று ஒரு கறுப்புப் பெட்டி.

நிதானமாகப் பேசினாள். சாட்சிகளின் படம், முழுத் தூணின் படம், எழுத்து எழுத்தாக மைப்படி. கல் வடகிழக்கைப் பார்த்து நிற்கிறது என்பதையும் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். குமிழிப் படம் வந்தபோது அடியில் பார்த்தேன். ‘களஆய்வு: தையல்நாயகி, ஜெசிந்தா’ என்று இருந்தது. அதே படம்தான். இடம் தாராளமாக இருந்தது.

பாதியில் சாட்டில் ஒருவர் எழுதினார்: ‘கதிரேசன் ஏஇ யார்? துறைக்குச் சம்பந்தமில்லாதவர் மாதிரி இருக்கிறது. பதிவு செய்கிறாரா?’ தொகுப்பாளர், ஆட்சேபம் இல்லையென்றால் அவரை வெளியேற்றிவிடுகிறேன் என்று எழுதினார். பெயரைச் சொல்லலாமா, நானே போய்விடலாமா என்று விரல் தடுமாறியது.

அப்போது கீழே ஒரு பெட்டியிலிருந்து பதில் வந்தது. பெட்டியின் பெயர் ‘தர்ஷன் 8 பி’. பையன் பாஸாகிவிட்டான்.

‘இருக்கட்டும் அம்மா. கேட்கத்தான் வந்திருப்பார்.’

கதிரேசனிடம் டிவியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு, மீதியைக் கேட்டேன்.